முன்னூறு கோடி எழுத்தில் இருபது

2023 அக்டோபர் 31 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு நிபுணர் குழுவைக் கூட்டியது. அரிவாள் செல் சோகைக்கான ‘காஸ்ஜெவி’ என்ற மரபணுத் திருத்த சிகிச்சைக்கு அனுமதி தரலாமா என்பது பற்றிய ஆலோசனை. இத்தகைய கூட்டங்களில் மருந்து நோயைக் குணப்படுத்துகிறதா என்பதில்தான் பெரும்பாலும் வாதம் நடக்கும். அன்று அதில் யாருக்கும் பெரிய ஐயம் இல்லை. கடும் வலியால் ஆண்டுக்குப் பலமுறை மருத்துவமனையில் படுத்தவர்கள், சிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. குழுவின் முன் வைக்கப்பட்ட கேள்வி வேறு. மருந்து, வெட்ட வேண்டிய இடத்தை வெட்டியது சரி. வேறெங்கும் வெட்டவில்லை என்பதற்குக் காட்டியிருக்கும் சான்று போதுமா?

அந்த மருந்தின் உயிர் இருபது எழுத்துகளில் இருக்கிறது. டி.என்.ஏ.வின் நான்கெழுத்து வரிவடிவில் எழுதினால்: சி டி ஏ ஏ சி ஏ ஜி டி டி ஜி சி டி டி டி டி ஏ டி சி ஏ சி. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் இந்த வரிசையைத் தாங்கிவரும் சிறு ஆர்.என்.ஏ.வுக்கு வழிகாட்டி என்று பெயர். காஸ்9 என்ற நொதி அதைப் பிடித்துக்கொண்டு மரபணுத்தொகை முழுவதையும் தடவிப் பார்க்கும்; அதே வரிசை கண்ணில் பட்டதும் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டும். நொதி எல்லோருக்கும் பொது. எந்த ஆய்வகமும் வாங்கிக்கொள்ளலாம். வேலையின் வெற்றியும் விபத்தும் இருபது எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். அந்தத் தேர்வை இன்று யாரும் கையால் செய்வதில்லை, கணினி நிரல்கள் செய்கின்றன. அந்த நிரல்கள் எதைப் படித்துத் தேறின, எந்த மரபணுத்தொகை ஏட்டில் தேடுகின்றன என்பதுதான் அக்டோபர் கூட்டத்தின் அடியில் இருந்த விவகாரம்.

முதலில் இந்த இருபது எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். மனிதரின் இரண்டாவது குரோமோசோமில் பிசிஎல்11ஏ என்றொரு மரபணு உண்டு. கருவில் இருக்கும்போது நம் ரத்தத்தில் ஓடுவது கருக்கால ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தியை அடக்கிவிட்டு, பெரியவர்களுக்கான ஹீமோகுளோபினுக்கு வழிவிடச் செய்வது பிசிஎல்11ஏ. அரிவாள் செல் சோகையில் கெட்டுப்போயிருப்பது இந்தப் பெரியவர் வகைதான். அடக்குபவனை அடக்கினால் பழைய ஹீமோகுளோபின் திரும்பிவரும். ஆனால் பிசிஎல்11ஏ வேறு செல்களுக்கும் தேவை என்பதால் மரபணுவையே உடைக்க முடியாது. ரத்தச் சிவப்பணு வரிசையில் மட்டும் அதை முடுக்கிவிடும் ஒரு தூண்டுபகுதி இருக்கிறது. அதை உடைத்தால் போதும்.

2015இல் பாஸ்டனில் டேனியல் பாவர், ஸ்டூவர்ட் ஆர்கின் முதலானோர், கிரிஸ்பர் முன்னோடிகளில் ஒருவரான ஃபெங் ஜாங்கின் குழுவோடு சேர்ந்து, அந்தத் தூண்டுபகுதி முழுக்க வழிகாட்டிகளை நெருக்கமாக அடுக்கி ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார்கள். எங்கே வெட்டினால் கருக்கால ஹீமோகுளோபின் அதிகம் எழுகிறது? அதில் மேலே வந்ததுதான் இந்த வரிசை. அதன் கடைசிப் பக்கத்தில் டி டி ஏ டி சி ஏ என்ற துண்டு இருப்பதைக் கவனிக்கலாம். தூண்டுபகுதியை இயக்கும் காட்டா1 என்ற புரதம் வந்து உட்காரும் இருக்கை அது. காஸ்9 வெட்டுவது வழிகாட்டியின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு முன்னால். அதாவது, இருக்கையின் குறுக்கே.

இங்கே காஸ்9 எப்படித் தேடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். கணினி நிரல்களின் எல்லாத் தலைவலியும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரைத் தேடும் அலுவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் தலைப்பெழுத்தைப் பார்க்கிறார். அது பொருந்தவில்லை என்றால் பெயரைப் படிப்பதே இல்லை. பொருந்தினால் பெயரின் முதலெழுத்திலிருந்து சரிபார்த்துக்கொண்டு போகிறார். தொடக்கத்திலேயே எழுத்து மாறினால் ‘இவர் இல்லை’ என்று அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். பெயரின் கடைசியில் ‘சன்’ என்பதற்குப் பதில் ‘ஷன்’ என்றிருந்தால் ‘அச்சுப் பிழை’ என்று விட்டுவிடுவார். காஸ்9க்குத் தலைப்பெழுத்து, இலக்கின் விளிம்பில் ஒட்டியிருக்க வேண்டிய மூன்றெழுத்து: ஏதாவது ஓர் எழுத்து, அதன்பின் இரண்டு ஜி. இதைப் பேம் என்பார்கள். பேமைப் பார்த்த பிறகே அது டி.என்.ஏ.வைப் பிரித்து, பேமுக்கு அருகிலிருந்து எழுத்துகளை ஒப்பிடத் தொடங்கும். பேமை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு எழுத்துகளில் கறாராக இருக்கும். மறுமுனையில் தாராளம்.

அந்தத் தாராளம்தான் பிரச்சினை. 2012இல் ஜெனிஃபர் டௌட்னா, இமானுவேல் ஷார்பெந்தியே இருவரும் காஸ்9ஐ விரும்பிய இடத்துக்குத் திருப்ப முடியும் என்று காட்டினார்கள். அதற்கு 2020இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 2013 தொடக்கத்தில் மனித செல்களிலும் அது வேலை செய்தது. அதே ஆண்டிலேயே ஆய்வாளர் கீத் ஜூங்கின் குழு வழிகாட்டியோடு ஐந்து எழுத்து வரை ஒத்துப்போகாத இடங்களிலும் காஸ்9 வெட்டிவைப்பதைக் கண்டது.

இது எவ்வளவு பெரிய தொல்லை என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனித மரபணுத்தொகையில் 310 கோடி எழுத்துகள். இரண்டு இழைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கோடி இடங்களில் பேம் இருக்கிறது. நான்கெழுத்தைக் கொண்டு அமைக்கக்கூடிய இருபது எழுத்து வரிசைகள் சுமார் 1.1 லட்சம் கோடி. ஆகவே ஒரு வரிசை தற்செயலாக இன்னோர் இடத்தில் அப்படியே திரும்ப வருவது அபூர்வம். இதுவரை நல்ல செய்தி. ஆனால் நான்கு எழுத்து வரை மாறலாம் என்று விட்டுக்கொடுத்தால், ஒரே வழிகாட்டிக்கு 4,24,996 வடிவங்கள் ஆகிவிடுகின்றன. பெருக்கிப் பார்த்தால், எந்தத் துரதிர்ஷ்டமும் இல்லாத சாதாரண வழிகாட்டிக்குக்கூட நூற்றுச் சொச்சம் போலி இலக்குகள் கிடைக்கும். அதுவும் எழுத்துகள் சீட்டுக் குலுக்கியதுபோல் சிதறிக் கிடக்கின்றன என்ற அனுமானத்தில். உண்மையில் நம் மரபணுத்தொகையில் ஏறக்குறைய பாதி, திரும்பத் திரும்ப வரும் பழைய துண்டுகள். ஆலு என்ற ஒரு துண்டு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெரியாத்தனமாக அதன் மேல் வழிகாட்டியை அமைத்தவரின் செல் பிழைக்காது.

இந்த நூறு போலிகளையும் விடாமல் பட்டியலிடுவது நிரலின் முதல் கடமை. எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் தொடக்க காலக் கருவிகள் பல சறுக்கின. காரணம் சோம்பல் அல்ல, பழக்கம். மரபணுத் துணுக்குகளை ஏட்டில் பொருத்த உயிரியலாளர்களிடம் போடை போன்ற மின்னல் வேக நிரல்கள் ஏற்கெனவே இருந்தன. ஒரு துணுக்கு மிக நன்றாகப் பொருந்தும் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்காக அவை எழுதப்பட்டவை. போடையின் முதல் பதிப்பு மூன்று எழுத்து வேறுபாட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. வழிகாட்டி வடிவமைப்பாளருக்கு வேண்டியதோ நேரெதிர். நன்றாகப் பொருந்தும் இடம் அவருக்கு முன்பே தெரியும். அரைகுறையாகப் பொருந்தும் இடங்கள் அத்தனையும் வேண்டும், ஒன்றுகூட விடாமல்.

2014இல் தென் கொரியாவின் சியோலில் ஜின்-சூ கிம்மின் குழு வெளியிட்ட காஸ்-ஆஃப்ஃபைண்டர் இதற்கு முரட்டுத்தனமான விடை தந்தது. குறுக்குவழி எதுவும் வேண்டாம், ஏட்டின் ஒவ்வோர் இடத்தையும் பார்த்துவிடுவோம். கணினி விளையாட்டுப் படங்களுக்காக உருவான கிராஃபிக்ஸ் சிப்புகள் ஆயிரக்கணக்கான சின்னக் கணக்குகளை ஒரே நேரத்தில் போடவல்லவை. அவற்றிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். எந்தப் பேம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், எத்தனை எழுத்து வேறுபாடு வேண்டுமானாலும் கேட்கலாம். புத்திசாலித்தனமான தந்திரங்களைவிடப் பொறுமையான எண்ணிக்கை உயர்ந்ததாக நின்ற அழகான இடம் இது.

பட்டியல் கிடைத்தாயிற்று. நூறில் எது ஆபத்து? எல்லாப் போலிகளும் வெட்டுப்படுவதில்லை. பெரும்பாலானவற்றை காஸ்9 தீண்டுவதே இல்லை. இங்கே மதிப்பெண்கள் வருகின்றன. 2013இல் ஃபெங் ஜாங்கின் ஆய்வகம் எழுநூறுக்கும் மேற்பட்ட வழிகாட்டி வடிவங்களைச் சோதித்து, எந்த இடத்தில் எழுத்து மாறினால் வெட்டு எவ்வளவு குறைகிறது என்று அளந்தது. அதிலிருந்து நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் உருவானது. எம்.ஐ.டி. பெயரில் ஓர் இணையதளம் அதை இலவசமாகக் கணக்கிட்டுத் தந்தது. சில ஆண்டுகள் உலகம் முழுக்க ஆய்வு மாணவர்களுக்கு அதுதான் வேதம். தளம் பின்னர் மூடப்பட்டுவிட்டது. மதிப்பெண் மட்டும் இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் உலவிக்கொண்டிருக்கிறது.

இந்த நம்பிக்கையை 2015இல் ஒரு சோதனை உலுக்கியது. ஜூங்கின் ஆய்வகத்தில் ஷெங்தார் ட்ஸாயும் சகாக்களும் உருவாக்கிய கைடு-சீக் என்ற முறையில், செல்லுக்குள் டி.என்.ஏ. எங்கே உடைந்தாலும் அங்கே ஓர் அடையாளத் துண்டு போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த அடையாளங்களைத் தேடிப்பிடித்தால் போதும். எங்கே வெட்டு விழுந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. பதின்மூன்று வழிகாட்டிகளைச் சோதித்தார்கள். சிலவற்றுக்குப் பிழை வெட்டு அனேகமாக இல்லை. ஒன்றுக்கு 150க்கும் மேல். அவற்றில் பலவற்றை அன்றைய கணினிக் கருவிகள் முன்னறிவிக்கவே இல்லை.

இதைப் படித்துக் கணினியே வேண்டாம் என்று முடிவு கட்டுவது அவசரம். சாண்டா குரூஸில் மாக்ஸிமிலியன் ஹாய்ஸ்லர், பாரிஸில் ழான்-போல் கோன்கோர்தே உள்ளிட்டோர் 2016இல் ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை வெளியான சோதனைத் தரவுகளையெல்லாம் திரட்டி, ஒவ்வொரு மதிப்பெண் முறையையும் அதே தரவின் மீது ஓட்டிப் பார்த்தார்கள். தேடலை ஒழுங்காக நடத்தி, தகுந்த மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ளவற்றைத் தள்ளினால், ஆயிரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செல்களில் நிகழும் பிழை வெட்டுகளில் பெரும்பாலானவற்றை வரிசையைப் பார்த்தே சொல்லிவிட முடிகிறது என்பது அவர்கள் கண்டது. முந்தைய கருவிகளின் பெரிய குற்றம், பட்டியலிலேயே ஆள் விடுபட்டதுதான். அந்த ஆய்விலிருந்து பிறந்த கிரிஸ்போர் இன்று உலகில் மிக அதிகம் புழங்கும் வழிகாட்டித் தேர்வுக் கருவிகளில் ஒன்று. அடக்கமான, அழகற்ற ஒரு திரை. ஆனால் எந்த எண்ணை எந்த நிலையில் நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. இந்தத் துறையில் அது அரிய பண்பு.

பிழையான இடத்தில் வெட்டுவது ஒரு கவலை என்றால், சரியான இடத்தில் வெட்டாமல் சும்மா இருப்பது இன்னொன்று. ஒரே மரபணுவின் மேல் பக்கத்துப் பக்கத்தில் அமைந்த இரண்டு வழிகாட்டிகளில் ஒன்று பிரமாதமாக வேலை செய்யும், மற்றொன்று அசையாது. 2014இல் பிராட் நிறுவனத்தின் ஜான் டென்ச் இதற்கு விதி தேட, 1,841 வழிகாட்டிகளைச் செய்தார். தேர்ந்தெடுத்தது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் புரதங்களின் மரபணுக்களை. வெட்டு வெற்றி பெற்றால் புரதம் மறையும். நிறமேற்றிய எதிர்ப்பொருளை விட்டுப் பார்த்தால் செல்களைப் பிரித்துவிடலாம். வழிகாட்டியின் இருபதாவது எழுத்து ஜி ஆக இருந்தால் நல்லது என்பது போன்ற போக்குகள் இதில் தெரிந்தன. இரண்டு ஆண்டு கழித்து மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ஜெனிஃபர் லிஸ்ட்கார்டன், நிக்கோலோ ஃபூசி இருவரும் அவரோடு கைகோத்தார்கள். விதிகளை மனிதர் எழுதுவதற்குப் பதில் இயந்திரக் கற்றல் எழுதத் தொடங்கியது. பிழை வெட்டுக்கு எம்.ஐ.டி. மதிப்பெண்ணைவிடச் சிறப்பான சி.எஃப்.டி. மதிப்பெண்ணும் அதே ஆய்வில்தான் வந்தது. அது பாடம் படித்தது சிடி33 என்ற ஒரே மரபணுவின் மேல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு ஆழ்கற்றல் காலம். சியோலின் யோன்செய் பல்கலைக்கழகத்தில் ஹியோங்பும் கிம்மின் குழு 12,832 இலக்குகளில் வெட்டு விகிதத்தை அளந்து, 2019இல் டீப்எஸ்பிகாஸ்9 என்ற நிரலைப் பயிற்றுவித்தது.

ஆனால் எந்த நிரலும் அது படித்த பள்ளியின் வாடையைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. ஹாய்ஸ்லரின் ஒப்பீட்டில் இது பளிச்சென்று தெரிந்தது. மனித செல்களில் வழிகாட்டியை யு6 என்ற முடுக்கியின் உதவியோடு செல்லே தயாரித்துக்கொள்ளும். வரிக்குதிரை மீன் முட்டைக்கு வேறு வழி. டி7 என்ற முடுக்கியைக் கொண்டு குழாயில் தயாரித்து ஊசியால் செலுத்துவார்கள். மனித செல் தரவில் பயின்ற மதிப்பெண், மீனில் ஏறக்குறைய பயனற்றுப் போனது. மீன் தரவிலேயே பயின்ற கிரிஸ்பர்ஸ்கேன் அங்கே நன்றாக ஓடியது. வழிகாட்டி எப்படித் தயாரிக்கப்பட்டது என்று தெரியாமல் அது எப்படி வெட்டும் என்று சொல்ல முடியாது என்பதே முடிவு.

இதற்கு இன்னொரு சான்று காஸ்ஜெவியின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. வரிசையை மறுபடி பாருங்கள். நடுவில் நான்கு டி அடுத்தடுத்து நிற்கின்றன. யு6 முடுக்கியில் ஓடும் நொதிக்கு அது ‘இங்கே நிறுத்து’ என்ற சைகை, ஆர்.என்.ஏ. பாதியில் அறுந்துபோகக்கூடும். ஆகவே நான்கு டி சேர்ந்து வரும் வழிகாட்டியைப் பல கருவிகள் எச்சரிக்கையிட்டுத் தள்ளிவிடும். அந்த எச்சரிக்கைக்குப் பணிந்திருந்தால் உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் மருந்து குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். மருந்தில் வழிகாட்டியை வேதியியல் முறையில் எழுத்து எழுத்தாகக் கோத்துச் செய்கிறார்கள். யு6 அந்தப் பக்கமே வருவதில்லை, எனவே நான்கு டி.யால் தொந்தரவும் இல்லை.

வெட்டிய பிறகு என்ன ஆகும் என்பதையும் இப்போது கணிக்கிறார்கள். உடைந்த முனைகளைச் செல் ஒட்டவைக்கும்போது ஓரிரு எழுத்து விடுபடும், அல்லது கூடும். இது குருட்டாம்போக்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை, வெட்டின் இருபுறமும் உள்ள எழுத்துகளைப் பொறுத்து ஒரு கோலம் இருக்கிறது. 2018இல் வெளியான இன்டெல்ஃபி என்ற நிரல் மனித மரபணுத்தொகைக்கான வழிகாட்டிகளில் 5 முதல் 11 சதவீதம் வரை, பாதிக்கும் மேற்பட்ட முறை ஒரே விளைவைத் தரும் என்று கணித்தது. நோய்க்குக் காரணமான பிழையை வார்ப்புரு எதுவும் கொடுக்காமல் வெறும் வெட்டினாலேயே சரிசெய்யும் வாய்ப்புகூட இதில் உண்டு.

இனி, ஏடு. இதுவரை சொன்ன எல்லா நிரல்களும் ‘மனித மரபணுத்தொகை’ என்ற ஒன்றில் தேடின. அது யாருடையது? பொதுப் பயன்பாட்டில் உள்ள ஒப்பீட்டு மரபணுத்தொகையின் சுமார் 70 சதவீதம் ஒரே மனிதரிடமிருந்து வந்தது. 1997இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் நாளிதழ் விளம்பரம் கண்டு ரத்தம் கொடுக்க வந்த பெயர் தெரியாத ஒருவர் அவர். இருவேறு மனிதர்களுக்கு இடையே பல லட்சம் எழுத்துகள் மாறுபடும். அந்த மாறுபாடுகளில் சில, ஒப்பீட்டு ஏட்டில் இல்லாத இடத்தில் புதிதாக ஒரு பேமை உண்டாக்கிவிடலாம். வாயில் இல்லாத சுவரில் ஒரு சிலருக்கு மட்டும் வாயில் திறந்திருக்கும். நிரல் எவ்வளவு பொறுமையாகத் தேடினாலும் அது கண்ணில் படாது, ஏனென்றால் அந்த எழுத்து ஏட்டிலேயே இல்லை.

2022 இறுதியில் வெளியான கிரிஸ்பர்மீ என்ற கருவி இந்தக் குறையைக் குறிவைத்தது. இத்தாலியின் வெரோனாவிலும் பாஸ்டனிலும் இருந்த குழுக்களின் கூட்டுப் படைப்பு. முன்னின்றவர்களில் ஒருவர் டேனியல் பாவர். பிசிஎல்11ஏ தூண்டுபகுதியில் அந்த இருபது எழுத்தைக் கண்டெடுத்த அதே பாவர். ஒற்றை ஏட்டுக்குப் பதில், ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டம் போன்ற பொதுத் தரவுகளில் உள்ள ஆயிரக்கணக்கானவர்களின் வேறுபாடுகளையும் சேர்த்துப் புரட்டும் நிரல் அது. முதல் பரிசோதனைப் பொருளாக அவர்கள் எடுத்துக்கொண்டது தங்கள் வழிகாட்டியையே.

பட்டியலின் உச்சியில் வந்து நின்றது ஒப்பீட்டு ஏட்டில் இல்லாத ஓர் இடம். சிபிஎஸ்1 என்ற மரபணுவுக்குள், புரதமாக மாறாத இடைப்பகுதியில். அங்கே ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு மட்டும் பேம் உருவாகிறது. அந்த மாற்றம் ஆப்பிரிக்கப் பரம்பரையினரிடையே சுமார் 4.5 சதவீத அளவில் காணப்படுகிறது. ஐரோப்பியரிடம் மிக மிக அரிது. அரிவாள் செல் சோகை அமெரிக்காவில் பெரும்பாலும் தாக்குவது யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. திரையில் தெரிந்ததோடு பாவர் நிற்கவில்லை. அந்த எழுத்தைத் தாங்கிய ஒரு கொடையாளரின் ரத்த மூலச் செல்களில் மருந்தின் வழிகாட்டியைச் செலுத்திப் பார்த்தார்கள். மாறிய எழுத்து இருந்த குரோமோசோமில் வெட்டு விழுந்தது. பிசிஎல்11ஏ இலக்கும் இந்தப் பிழை இடமும் ஒரே குரோமோசோமின் இரு கரங்களில் இருப்பதால், சில செல்களில் நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருந்ததும் தெரிந்தது. இன்னும் கறாரான காஸ்9 வகையைப் பயன்படுத்தியபோது இந்தப் பிழை வெட்டு மறைந்தது.

இதனால் யாருக்காவது தீங்கு வந்ததா? அப்படி எந்தச் சான்றும் அப்போது இல்லை. மரபணுவின் புரதமாக மாறாத பகுதியில் விழும் வெட்டு பெரும்பாலும் தீங்கற்றதாகவே போகும். அக்டோபர் கூட்டத்தில் பேசிய நிபுணர்கள் பலரும், இந்த நோய் தரும் துன்பத்தின் முன் அந்த அபாயம் சிறியது என்றே கருதினார்கள். டிசம்பர் 8 அன்று அமெரிக்கா அனுமதி அளித்தது. பிரிட்டன் மூன்று வாரம் முந்திக்கொண்டிருந்தது. அந்த முடிவு நியாயமானது என்றே தோன்றுகிறது. நியாயமில்லாதது வேறொன்று. ஒரு சமூகத்தினருக்கான மருந்தின் பாதுகாப்பை, அந்தச் சமூகத்தின் எழுத்து வேறுபாடுகளைச் சேர்க்காத ஏட்டில் சரிபார்ப்பதையே இத்துறை பல ஆண்டுகள் வழக்கமாக வைத்திருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பஃபலோ நன்கொடையாளர் ஆப்பிரிக்கப் பரம்பரை கலந்தவராக இருக்கக்கூடும் என்று பிந்தைய ஆய்வுகள் கணிக்கின்றன. ஆனாலும் அந்த எழுத்து ஏட்டில் இல்லை. ஒரு மனிதர் ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பிரதிநிதியாக இருக்க முடியாது.

நெல்லிலும் இதே கதை. நெல்லின் ஒப்பீட்டு மரபணுத்தொகை 2005இல் வெளியானது. அது ஜப்பானின் நிப்பான்பாரே ரகத்துடையது. இந்தியா 2025 மே மாதம் அறிவித்த மரபணுத் திருத்த ரகங்களில் ஒன்றான டி.ஆர்.ஆர். தன் 100, சாம்பா மசூரியிலிருந்து வந்தது. நம் அரிசிக் கடைகளில் பிபிடி என்று மூட்டையில் அச்சடித்து விற்பது அந்த சாம்பா மசூரிதான். அது இண்டிகா வகை, நிப்பான்பாரே ஜப்பானிகா வகை. ஜப்பானிய நெல்லின் ஏட்டில் வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மசூரியில் வெட்டச் சொன்னால், இலக்கிலேயே ஓர் எழுத்து மாறியிருந்து ஏமாற்றக்கூடும். பயிர் ஆய்வாளர்கள் வேலையைத் தொடங்குமுன் தங்கள் ரகத்தின் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துச் சரிபார்த்துக்கொள்வது இதனால்தான்.

சிபிஎஸ்1 என்ற பெயர் 2025இல் மறுபடி செய்தியில் அடிபட்டது, இம்முறை இலக்காக. கேஜே என்று உலகம் அறிந்த குழந்தைக்கு அந்த மரபணு பழுதாகி, ரத்தத்தில் அம்மோனியா ஏறிக்கொண்டிருந்தது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ரெபெக்கா அஹ்ரென்ஸ்-நிக்லஸ், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனூரு இருவரின் தலைமையில் அந்த ஒரு குழந்தைக்காகவே ஒரு மருந்து உருவானது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்து வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் திருத்தி அது. பிறந்து ஆறேழு மாதத்துக்குள், 2025 பிப்ரவரியில் முதல் ஊசி போடப்பட்டது. இங்கே ஏடு பற்றிய கேள்வி தலைகீழாகிறது. வழிகாட்டி பொருந்த வேண்டியது பிழையான எழுத்தோடு. அந்தப் பிழை குழந்தையின் செல்லில்தான் இருக்கிறது. ஒப்பீட்டு ஏட்டில் தேடினால் முழுதாகப் பொருந்தும் இலக்கு ஒன்றுகூட அகப்படாது. எழுத்தைத் திருத்தும் நொதிக்கு வழிகாட்டியின் மேல் நான்கைந்து எழுத்து அகலமுள்ள ஒரு சாளரம்தான் உண்டு. பிழை அதற்குள் விழ வேண்டும், பக்கத்தில் அதே எழுத்து இன்னொன்று இருந்து அதுவும் சேர்ந்து மாறிவிடக் கூடாது, விளிம்பில் பேமும் வேண்டும். இத்தனை நிபந்தனைக்குப் பிறகு கையில் மிஞ்சும் வழிகாட்டிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பிழை இடங்களைத் தேடும் வேலையும் அதே ஆறு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் இந்த வேலை ஆய்வகங்களில் ஏற்கெனவே நடக்கிறது. இந்நாட்டில் அரிவாள் செல் மரபணு முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1952இல், நீலகிரியில். இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையம் கருக்கால ஹீமோகுளோபினை எழுப்பும் எழுத்து மாற்றங்களைத் தேடிவருகிறது. 2022இல் அங்கிருந்து வந்த ஆய்வு, காமா குளோபின் மரபணுக்களின் முன்பகுதி முழுக்க வழிகாட்டிகளை அடுக்கி, வெட்டாமல் எழுத்தை மட்டும் மாற்றிப் பார்த்தது. அங்கே வெட்டைத் தவிர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. காமா குளோபின் மரபணு ஒன்றல்ல, அருகருகே நிற்கும் இரட்டை. இரண்டின் முன்பகுதியும் அநேகமாக ஒரே எழுத்து. ஒரு வழிகாட்டி இரண்டையும் வெட்டினால் இடையில் உள்ள ஏறத்தாழ 4,900 எழுத்துகள் அப்படியே கழன்று போய்விடலாம். டெல்லியில் மரபணுவியல் ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி. வேறு வழியில் போகிறது. எழுத்து மாறுபாட்டை எளிதில் மன்னிக்காத, ஃபிரான்சிசெல்லா நோவிசிடா என்ற பாக்டீரியாவின் காஸ்9ஐ அது எடுத்துக்கொண்டிருக்கிறது.

தேடுவதற்கான ஏடும் மெல்லப் பெருகுகிறது. ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தில் தமிழர் என்ற பெயரில் இருப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அனைவரும் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். ஜீனோம் இந்தியா திட்டம் நாடெங்கும் 10,000 பேரின் மரபணுத்தொகையைப் படித்து முடித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. கிரிஸ்பர்மீ போன்ற நிரல்கள் இத்தகைய வேறுபாட்டுப் பட்டியலைக் கோப்பாக அப்படியே ஏற்றுக்கொள்ளும். அரிவாள் செல் அதிகம் உள்ள பழங்குடிச் சமூகங்களுக்கு ஒரு வழிகாட்டியை முடிவு செய்யும் ஆய்வகம், அந்தச் சமூகங்களிலிருந்தே சிலநூறு பேரின் பட்டியலைப் பெற்று அந்தக் கோப்பில் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நோயாளிக்குப் போடுவதற்கு முன் அவருடைய சொந்த வரிசையையும்.